லேப்ராஸ்கோபி மகளிர் அறுவைகளில் நரம்பு பிளாக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்ப்பப்பை அகற்றுதல், ஃபைப்ராய்டு நீக்குதல், சினைப்பைக் கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் என மகளிர் அறுவைகளில் பெரும்பகுதி இன்று சிறு துளைகள் வழியே கேமரா செலுத்திச் செய்யும் லேப்ராஸ்கோபியிலோ ரோபோ உதவியிலோ முடிந்துவிடுகிறது. அதன் பிறகு வரும் வலிக்காகப் போடும் நரம்பு பிளாக்குகளை, அதாவது வலியைச் சுமக்கும் நரம்புகளை மரக்க வைக்கும் ஊசிகளைப் பற்றி அறுவை அரங்கிலும் வார்டிலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவை. மயக்கவியல், மகளிர் மருத்துவம் பயில்பவர்களையும் செவிலியர்களையும் மனதில் வைத்து எழுதியது. அறுவைக்குத் தயாராகும் பெண்களும் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். அளவுகள் எல்லாம் இதயம், கல்லீரல், சிறுநீரகம் நன்றாக இருக்கும் பெரியவர்களுக்கானவை.

துளைகள் அரை அங்குலம்கூட இல்லை. பிறகு ஏன் இவ்வளவு வலி?

வலி ஒன்றல்ல, மூன்று. முதலாவது, போர்ட், அதாவது கேமராவும் கருவிகளும் நுழையும் துளை, போட்ட இடத்து வலி. கூர்மையாக இருக்கும், விரல் வைத்துக் காட்டலாம், இருமினாலோ எழுந்து உட்கார்ந்தாலோ கூடும். இரண்டாவது, உள்ளுறுப்பு வலி. மாதவிடாய் வலியைப் போல அடிவயிறு முழுக்கக் கனக்கும், சுருட்டிப் பிடிக்கும். எந்த இடம் என்று கேட்டால் உள்ளங்கையால் வட்டம் போட்டுத்தான் காட்டுவார்கள். மூன்றாவது, வயிற்றை உப்ப வைக்கச் செலுத்தும் கரியமில வாயு உதரவிதானத்தை இழுத்து எரிச்சலூட்டுவதால் தோள்பட்டையில் தெரியும் வலி.

லேப்ராஸ்கோபி முறையில் கர்ப்பப்பை எடுத்தவரை முதல் சில மணி நேரம் அதிகம் வாட்டுவது பெரும்பாலும் இரண்டாவது வகை. வயிற்றுச் சுவரில் போடும் எந்த பிளாக்கும் அதைத் தொடாது. ‘பிளாக் போட்டும் மார்ஃபின் கேட்கிறாரே’ என்ற புகாருக்குப் பாதி விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது. எந்த ஊசி என்று யோசிப்பதற்கு முன் எந்த வலிக்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கீழே வரும் பதில்கள் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியில் போய்த்தான் முடிகின்றன.

எந்த வலியை எந்த நரம்பு சுமக்கிறது?

வயிற்றுச் சுவருக்குத் தண்டுவடத்தின் டி6 (மார்புப் பகுதி) முதல் எல்1 (இடுப்புப் பகுதி) வரையிலான நரம்புகள். தொப்புள் டி10. தொப்புளுக்குக் கீழே பக்கவாட்டில் போடும் போர்ட்டுகள் டி11, டி12. அந்தரங்க எலும்புக்குச் சற்று மேலே போட்டால் எல்1, அதாவது இலியோஹைபோகேஸ்ட்ரிக், இலியோஇங்குவினல் நரம்புகள்.

கர்ப்பப்பையின் உடற்பகுதியிலிருந்து வரும் வலி சிம்பதெடிக் இழைகளோடு சேர்ந்து, ஹைபோகேஸ்ட்ரிக் பின்னல் வழியாக டி10 முதல் எல்1 வரையிலான தண்டுவடப் பகுதிக்கு ஏறுகிறது. கர்ப்பப்பை வாயும் யோனியின் மேல்பகுதியும் தண்டுவடத்தின் அடிப்பகுதியான எஸ்2 முதல் எஸ்4 வரை. யோனியின் கீழ்ப்பகுதி, பெரினியம் (யோனிக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதி) ஆகியவற்றுக்கு புடெண்டல் நரம்பு. அதுவும் எஸ்2 முதல் எஸ்4 வரைதான். தோள்பட்டை வலிக்குப் பாதை ஃப்ரெனிக் நரம்பு, கழுத்தில் சி3 முதல் சி5 வரை. இந்த மூன்று முகவரிகளுக்கும் ஒரே ஊசியில் போய்ச் சேர முடியாது.

அப்படியானால் வயிற்றுச் சுவர்த் தசைகளுக்கு நடுவே மருந்து பரப்பும் டேப் பிளாக்கை எல்லோருக்கும் போடுவது வீணா?

வழக்கமாக எல்லோருக்கும் போட வேண்டியதில்லை என்பதுதான் நேர்மையான பதில். வயிற்றைக் கீறிச் செய்யும் அறுவையில் சுவர் வலி பெரிது, அங்கே டேப் பிளாக்கின் பலன் தெளிவாகத் தெரிகிறது. லேப்ராஸ்கோபியில் ஒவ்வொரு போர்ட்டிலும் ஒழுங்காக மரப்பு மருந்து செலுத்தியவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சிறிது. பல ஆய்வுகளில் வித்தியாசமே இல்லை. அறுவைவாரியாக வலி நிவாரணத்தை ஆராயும் ப்ராஸ்பெக்ட் குழு, லேப்ராஸ்கோபி கர்ப்பப்பை அகற்றலுக்காக 2019இல் வெளியிட்ட பரிந்துரையில் அடித்தளமாக வைத்தது பாராசிட்டமால், அழற்சி எதிர்ப்பு வலி மாத்திரை, டெக்ஸாமெதசோன் ஆகியவற்றைத்தான். மார்ஃபின் போன்ற ஓபியாய்டு மருந்துகள் தேவைப்பட்டால் மட்டும். டேப் பிளாக்கை அந்தக் குழு வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை.

ஆனாலும் பிளாக் தன் விலைக்கு வேலை செய்யும் நோயாளிகள் உண்டு: சிறுநீரகக் கோளாறாலோ குடற்புண்ணாலோ அழற்சி எதிர்ப்பு மருந்து தர முடியாதவர்கள், தூக்கத்தில் மூச்சுத் தடை உள்ளவர்கள், நாள்பட்ட இடுப்புவலிக்கு ஏற்கெனவே ஓபியாய்டு எடுத்துக்கொண்டிருப்பவர்கள், பெரிய ஃபைப்ராய்டை வெளியே எடுக்க ஒரு துளையை அகலப்படுத்தப் போகிறவர்கள், பாதியில் திறந்த அறுவையாக மாற வாய்ப்பு அதிகமுள்ளவர்கள்.

போர்ட் இடத்தில் மருந்து செலுத்துவதில் என்ன பெரிய நுட்பம்?

இருக்கிறது, அலட்சியமும் இங்கேதான் அதிகம். தோலுக்கு அடியில் ஒரு குமிழி எழுப்பிவிட்டு ஊசியை எடுத்துவிடுவது போதாது. வலி உணரும் இழைகள் தோலில் எவ்வளவோ, தசை உறையிலும் வயிற்றின் உட்சவ்வான பெரிடோனியத்திலும் அவ்வளவு. 0.25% புபிவகைன் ஒரு துளைக்கு 3 முதல் 5 மி.லி. எடுத்து, தோலடியில் கொஞ்சம், தசை உறையில் கொஞ்சம், மிச்சத்தைப் பெரிடோனியத்துக்குச் சற்று வெளியே என்று அடுக்கடுக்காகக் கொடுக்க வேண்டும். முதல் போர்ட்டைத் தவிர மற்றவற்றுக்கு கேமரா ஏற்கெனவே உள்ளே இருக்கும். ஊசிமுனை பெரிடோனியத்தைத் தள்ளுவதைத் திரையில் பார்த்துக்கொண்டே செலுத்தலாம். எபிகேஸ்ட்ரிக் ரத்தக்குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதும் தெரியும்.

12 மி.மீ. போர்ட்டுக்கும் 5 மி.மீ. போர்ட்டுக்கும் ஒரே அளவு கொடுப்பதில் அர்த்தமில்லை. உறையைத் தைத்து மூடப்போகும் பெரிய துளைதான் மறுநாள் வலிக்கும்.

டேப் பிளாக்கைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

உள் சாய்தசைக்கும் டிரான்ஸ்வர்ஸஸ் தசைக்கும் இடைப்பட்ட தளத்தில் மருந்தைப் பரப்புவதுதான் டேப் பிளாக். 2001இல் ரஃபி இதை விவரித்தபோது இடுப்பெலும்புக்கு மேலுள்ள பெடிட் முக்கோணத்தில் கைத்தடத்தை நம்பிக் குத்தும் முறைதான் இருந்தது. இப்போது அல்ட்ராசவுண்ட் இல்லாமல் போடுவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

மல்லாந்த நிலையில், விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, அக்குளிலிருந்து இறங்கும் நடுக்கோட்டில் லீனியர் புரோபைக் குறுக்காக வையுங்கள். உடல் பருமனானவர்களுக்கு வளைந்த புரோப். மேலிருந்து கொழுப்பு, வெளிச் சாய்தசை, உள் சாய்தசை, டிரான்ஸ்வர்ஸஸ் என அடுக்குகள் தெரியும். பொதுவாக உள் சாய்தசைதான் தடிமன். டிரான்ஸ்வர்ஸஸ் மெலிந்து கறுப்பாக இருக்கும். அதற்கும் கீழே அசைகிற குடல் தெரிந்தால் அடுக்குக் கணக்கு சரி. அடுக்குகள் குழம்பினால் புரோபைத் தொப்புள் பக்கம் நகர்த்தி வயிற்றின் நடுவே நெடுக ஓடும் ரெக்டஸ் தசையைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து வெளிப்புறமாக வாருங்கள். மூன்று தசைகளும் ஒவ்வொன்றாகப் பிரிவது தெரியும்.

80 அல்லது 100 மி.மீ. நீளமுள்ள 22 கேஜ் ஊசி. முன்பக்கத்திலிருந்து பின்னோக்கி, ஊசி முழு நீளமும் திரையில் தெரியும்படி செலுத்த வேண்டும். உள் சாய்தசையின் கீழ் உறையைத் தாண்டும்போது ஒரு சின்ன ‘டக்’ கைக்குத் தெரியும். உறிஞ்சிப் பார்த்துவிட்டு 1 அல்லது 2 மி.லி. சலைன் செலுத்துங்கள். இரண்டு தசைகளும் ஒன்றிலிருந்து ஒன்று உரிந்து, நடுவில் கறுப்பு லென்ஸ் வடிவம் திறந்தால் இடம் சரி. தசையே உப்பி நார்நாராகத் தெரிந்தால் ஊசி தசைக்குள் இருக்கிறது, அரை மி.மீ. முன்னேயோ பின்னேயோ நகர்த்தி மறுபடி சலைன். இடம் உறுதியான பிறகே மரப்பு மருந்து: ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 மி.லி., 5 மி.லி.க்கு ஒருமுறை உறிஞ்சிப் பார்த்து. இது பரப்பளவை நம்பியிருக்கும் பிளாக் என்பதால் அடர்த்தியைக் கூட்டுவதைவிடக் கொள்ளளவைக் காப்பாற்றுவது முக்கியம்.

பக்கவாட்டில் போடும் இந்த டேப், தொப்புளுக்குக் கீழேதான் நம்பகமானது. தொப்புளுக்கு மேலே போர்ட் இருந்தால் விலா விளிம்பை ஒட்டிய சப்காஸ்டல் டேப் தனியாக வேண்டும்.

அறுவை மருத்துவரே உள்ளிருந்து பார்த்து டேப் போடலாமா?

போடலாம். கேமரா உள்ளே இருக்கும்போது வெளியிலிருந்து மழுங்கிய ஊசியைச் செலுத்தினால் இரண்டு ‘டக்’ தெரியும்: வெளிச் சாய்தசை உறை ஒன்று, உள் சாய்தசை உறை இன்னொன்று. மருந்து போகும்போது திரையில் கவனியுங்கள். சுவர் அகலமாக, மெதுவாக மேடுகட்டினால் மருந்து தசைக்கு வெளியே சரியான தளத்தில் இருக்கிறது. மெல்லிய சவ்வு கண்ணாடிக் குமிழிபோல எழும்பினால் ஆழம் கூடிவிட்டது. மருந்து பெரிடோனியத்துக்கு அடியில் போகிறது. ஊசியைச் சற்று வெளியே இழுத்துக்கொள்ளுங்கள். அல்ட்ராசவுண்டுக்கு இணையான பலன் கிடைத்ததாக ஆய்வுகள் உண்டு, நேரமும் மிச்சம்.

கீறலுக்கு முன்பா, அறுவை முடிந்த பிறகா?

முன்பே போட்டால் அடுக்குகள் தெளிவாகத் தெரியும், அறுவையின்போது மயக்க மருந்தும் ஓபியாய்டும் குறையும். ஆனால் 4 மணி நேர எண்டோமெட்ரியோசிஸ் அறுவையில் பிளாக்கின் ஆயுளில் பெரும்பங்கு நோயாளி தூங்கும்போதே செலவாகிவிடும். முடிவில் போட்டால் வார்டில் கூடுதல் நேரம் கிடைக்கும். அங்கே ஒரு சிக்கல்: அறுவையின்போது கரியமில வாயு தோலுக்கடியில் கசிந்திருந்தால் அல்ட்ராசவுண்ட் திரை வெள்ளைப் புகையாகிவிடும், எதுவும் தெரியாது. அறுவை 2 மணி நேரத்துக்குள் முடியும் என்றால் முன்பு. நீளும் என்றால் முடிவில், அதுவும் முடிந்தால் கேமரா வெளியே வருவதற்கு முன் உள்ளிருந்து பார்த்து.

மருந்தின் உச்ச அளவை எப்படிக் கணக்கிடுவது?

புபிவகைன் கிலோவுக்கு 2 முதல் 2.5 மி.கி., ரோபிவகைன் கிலோவுக்கு 3 மி.கி., லிக்னோகைன் கிலோவுக்கு 4.5 மி.கி., அட்ரினலின் சேர்ந்த லிக்னோகைன் 7 மி.கி. பருமனானவர்களுக்கு உயரத்துக்கேற்ற எடையை எடுத்துக்கொள்ள வேண்டும். 1% என்றால் ஒரு மி.லி.யில் 10 மி.கி.; 0.25% என்றால் 2.5 மி.கி.

தவறு கணக்கில் நடப்பதில்லை. இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போடும்போது நடக்கிறது. 50 கிலோ எடையுள்ளவரை எடுத்துக்கொள்வோம். கிலோவுக்கு 2 மி.கி. என்றால் புபிவகைன் 100 மி.கி. மகளிர் மருத்துவர் நான்கு போர்ட்டுக்கு தலா 4 மி.லி. 0.25% கொடுத்தார்: 40 மி.கி. கர்ப்பப்பை வாயைச் சுற்றி 0.5% மருந்து 10 மி.லி.: இன்னொரு 50 மி.கி. மீதி 10 மி.கி., அதாவது 0.25% மருந்து வெறும் 4 மி.லி. இது தெரியாமல் மயக்க மருத்துவர் டேப் பிளாக்குக்குப் பக்கத்துக்கு 20 மி.லி. செலுத்தினால் மொத்தம் 190 மி.கி. ஆகிவிடும்.

ஆகவே டேப் போடுவதாக இருந்தால் போர்ட் ஊசியை விட்டுவிடுங்கள், கூடவே மருந்தை 0.125% ஆக நீர்த்து 40 மி.லி.யை 50 மி.கி.க்குள் அடக்குங்கள். ரோபிவகைன் என்றால் இடம் தாராளம்: 0.2% மருந்து 40 மி.லி. வெறும் 80 மி.கி., 50 கிலோவுக்கு உச்சம் 150. இரண்டு வெவ்வேறு மருந்து கொடுத்தால் நச்சு கூட்டிக்கொள்ளும் என்று வைத்து விகிதத்தில் கழிக்க வேண்டும். 1% லிக்னோகைன் 10 மி.லி. என்பது 225இல் 100, அதாவது 44 சதவீதம் செலவு. புபிவகைனுக்கு மிஞ்சுவது 56 மி.கி. மட்டும். அறுவைக்கு முந்தைய சரிபார்ப்பின்போதே ‘இன்றைய மொத்த அளவு இவ்வளவு’ என்று பலகையில் எழுதிவிட்டால் குழப்பமே இல்லை.

ரெக்டஸ் ஷீத், கியூஎல், ஈஎஸ்பி: இவை எங்கே பொருந்தும்?

தொப்புளில் மட்டும் ஒரே பெரிய துளை போட்டுச் செய்யும் அறுவைக்கு ரெக்டஸ் ஷீத் பிளாக் கச்சிதம். தொப்புள் மட்டத்தில் அல்லது சற்று மேலே, ரெக்டஸ் தசைக்கும் அதன் பின் உறைக்கும் நடுவே பக்கத்துக்கு 10 மி.லி. தொப்புளுக்குக் கீழே வெகுதூரம் இறங்கக் கூடாது. அங்கே பின் உறையே கிடையாது, மருந்து பெரிடோனியத்துக்கு மேல் வழிந்துவிடும். எபிகேஸ்ட்ரிக் குழாயைக் கண்டுகொள்ள கலர் டாப்ளர் ஒரு நொடி போடுங்கள்.

கியூஎல் பிளாக்கில் மருந்து குவாட்ரேடஸ் லம்போரம் தசையைச் சுற்றி, பக்கத்துக்கு 20 மி.லி. அளவில் போகிறது. தசைக்கு முன்னால் போடும் வகையில் மருந்து முதுகெலும்பை ஒட்டிய இடம்வரை பரவி, உள்ளுறுப்பு வலியையும் ஓரளவு தொடும் என்பது எதிர்பார்ப்பு. பரவல் ஆளுக்கு ஆள் மாறுகிறது. சிலருக்கு அருமையாக வேலை செய்யும், சிலருக்கு டேப்பைவிட மேலாக எதுவும் தெரியாது. நோயாளியைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும், ஊசி ஆழம், சிறுநீரகம் அருகில். வழக்கமான சினைப்பைக் கட்டிக்கு இவ்வளவு மெனக்கெடத் தேவையில்லை.

முதுகின் எரெக்டர் ஸ்பைனே தசைக்கு அடியில் போடும் ஈஎஸ்பி பிளாக்கை 2016இல் ஃபொரெரோ குழு மார்பு வலிக்காக விவரித்தது. அடிவயிற்று அறுவைக்கு டி9, டி10 மட்டத்தில் குறுக்கு முள்ளெலும்பின் நுனியில் ஊசியை மோதவிட்டு பக்கத்துக்கு 20 மி.லி. எலும்பு தடுப்பாக நிற்பதால் போடுவதற்குப் பயமில்லை. பலனின் அளவு இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது.

கர்ப்பப்பை வாயைச் சுற்றிப் போடும் பாராசெர்வைகல் பிளாக் லேப்ராஸ்கோபிக்கும் உதவுமா?

உதவும், பலர் மறந்துவிடும் எளிய ஊசி இது. உள்ளுறுப்பு வலி வரும் வாசலிலேயே போய் நிற்கிறது. மயக்கம் கொடுத்தபின், கர்ப்பப்பையை அசைக்கும் கருவியைப் பொருத்துவதற்கு முன், யோனிச் சுவரும் கர்ப்பப்பை வாயும் சேரும் மடிப்பில் 0.25% முதல் 0.5% புபிவகைன் மொத்தம் 10 மி.லி. பிரித்துச் செலுத்துகிறார்கள்.

கடிகார முகமாக வைத்துக்கொண்டால் 4, 8 மணி நிலைகள் வசதி. 3, 9 மணியில் கர்ப்பப்பைத் தமனியின் கிளைகள் நெருங்கி ஓடுகின்றன. அங்கே போட்டால் ஒவ்வொரு முறையும் உறிஞ்சிப் பார்க்காமல் தள்ளக் கூடாது. இந்த இடத்தில் ரத்த ஓட்டம் அதிகம், மருந்து வேகமாக ரத்தத்தில் ஏறும். மெதுவாகச் செலுத்துவது பாதுகாப்பின் பாதி.

விழித்திருக்கும் நோயாளிக்கு ஹிஸ்டரோஸ்கோபி (கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) என்றால் 1% லிக்னோகைன் 18 மி.லி.யோடு 8.4% சோடியம் பைகார்பனேட் 2 மி.லி. கலந்து, கவ்வி பிடிக்கும் இடத்தில் 2 மி.லி., மீதியை நான்கு இடங்களில் பிரித்து, 3 செ.மீ. ஆழம் வரை மெதுவாகக் கொடுத்து, 3 நிமிடம் காத்திருந்து தொடங்கலாம். பைகார்பனேட் ஊசி எரிச்சலைக் குறைக்கும். இது கர்ப்பப்பை வாயை நன்றாக மரக்க வைக்கும். உள்ளே நீர் நிரப்பும்போது கர்ப்பப்பையின் மேல்பகுதி விரிந்து வரும் வலி டி10 வழியாகப் போவதால் முழுதாக நிற்காது. இதை நோயாளியிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

சுப்பீரியர் ஹைபோகேஸ்ட்ரிக் பிளாக் என்றால்?

பெருந்தமனி இரண்டாகப் பிரியும் இடத்துக்குக் கீழே, எல்5-எஸ்1 மேட்டின் முன் இருக்கும் நரம்புப் பின்னலில் மருந்து செலுத்துவது. லேப்ராஸ்கோபியில் அந்த மேடு கண்ணுக்கு நேரே தெரிவதால், பெரிடோனியத்துக்கு அடியில் நீளமான ஊசியால் 10 முதல் 20 மி.லி. நீர்த்த மருந்து கொடுக்க ஒரு நிமிடம் போதும். கர்ப்பப்பையின் உடற்பகுதி வலிக்கு இது நேரடியான விடை. இடது பொது இலியாக் சிரை அந்த இடத்தைக் குறுக்கே கடக்கிறது, வாயு அழுத்தத்தில் தட்டையாகி நிற்பதால் கண்ணில் படாமல் போகலாம். அந்தப் பகுதியில் கைபழகிய அறுவை மருத்துவர்தான் போட வேண்டும்.

பிளாக் எவ்வளவு நேரம் தாங்கும்? நீட்டிக்க வழி உண்டா?

சாதாரண புபிவகைனும் ரோபிவகைனும் பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம். டெக்ஸாமெதசோன் 4 முதல் 8 மி.கி. சிரை வழி கொடுத்தால் கொஞ்சம் நீளும், வாந்தியும் குறையும். லேப்ராஸ்கோபி மகளிர் அறுவையில் வாந்தி தனித் தலைவலி என்பதால் ஒரே ஊசியில் இரட்டை லாபம். மயக்கம் கொடுத்த பிறகு கொடுங்கள், விழித்திருக்கும்போது வேகமாகக் கொடுத்தால் பெரினியத்தில் கடுமையாக அரிக்கும். டெக்ஸ்மெடெடொமிடின் மருந்தோடு கலந்தாலும் நீளும், ஆனால் நாடி இறங்கும், அன்றே வீடு திரும்புபவருக்குத் தூக்கக் கலக்கம் மிஞ்சும்.

லைபோசோமல் புபிவகைன் மெல்ல மெல்ல வெளியாகும் வடிவம். சாதாரண புபிவகைனைவிடப் பெரிய வித்தியாசம் இருக்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. விலையிலோ வித்தியாசம் மிகப் பெரிது. லிக்னோகைனோடு கலக்கவே கூடாது, கலந்தால் புபிவகைன் மொத்தமாக வெளியேறிவிடும்.

பிளாக் ‘பிடிக்கவில்லை’ என்றால் எங்கே தவறு?

முதலில் பனிக்கட்டியாலோ ஸ்பிரிட் பஞ்சாலோ தொட்டுப் பாருங்கள். தோல் மரத்திருந்தும் வலித்தால் பிளாக் வேலை செய்கிறது, வலி உள்ளுறுப்புடையது. தோல் மரக்கவில்லை என்றால் மருந்து தசைக்குள் போயிருக்கும், அல்லது ஒரு அடுக்கு மேலே வெளிச் சாய்தசைக்கும் உள் சாய்தசைக்கும் நடுவில் போயிருக்கும். பின்னதுதான் அடிக்கடி நடப்பது, திரையில் லென்ஸ் வடிவம் அழகாகத் திறப்பதால் ஏமாற்றவும் செய்யும். ஒரு பக்கம் மட்டும் பிடிப்பதும் சாதாரணம். மேல் போர்ட் மட்டும் வலித்தால் சப்காஸ்டல் விட்டுப்போயிருக்கிறது. பாராசிட்டமாலும் அழற்சி எதிர்ப்பு மருந்தும் ‘வலித்தால் மட்டும்’ என்று எழுதப்பட்டிருப்பது இன்னொரு காரணம். அவை மணி பார்த்துப் போக வேண்டிய மருந்துகள்.

மரப்பு மருந்து நச்சானால் எப்படித் தெரியும், என்ன செய்வது?

விழித்திருப்பவருக்கு: வாயைச் சுற்றி மரப்பு, நாக்கில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், பதற்றம், பிறகு வலிப்பு. முழு மயக்கத்தில் இருப்பவருக்கு இவை எதுவும் தெரியாது. நாடி இறங்குதல், ஈசிஜியில் க்யூஆர்எஸ் அகலமாதல், அழுத்தம் விழுதல் இவைதான் முதல் அறிகுறி. வாயு ஏற்றும்போது பெரிடோனியம் இழுபட்டும் நாடி இறங்கும் என்பதால் குழப்பம் வரும். வாயுவை உடனே வெளியேற்றச் சொல்லுங்கள்; இழுவைதான் காரணமென்றால் சில நொடிகளில் நாடி ஏறிவிடும். டேப் பிளாக்குக்குப் பின் ரத்தத்தில் மருந்து உச்சத்தைத் தொட அரைமணிவரைகூட ஆகலாம். முடிவில் பிளாக் போட்டுவிட்டு உடனே மானிட்டரைக் கழற்றக் கூடாது.

சிகிச்சை: செலுத்துவதை நிறுத்துங்கள், உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள், 100% ஆக்சிஜன், வலிப்புக்கு மிடாசோலம். 20% லிப்பிட் எமல்ஷன் கிலோவுக்கு 1.5 மி.லி. 2, 3 நிமிடத்தில், தொடர்ந்து நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.25 மி.லி. 50 கிலோவுக்கு முதலில் 75 மி.லி., பிறகு நிமிடத்துக்கு 12.5 மி.லி. சீராகாவிட்டால் முதல் அளவைத் திரும்பக் கொடுத்து, ஓட்டத்தை இரட்டிக்கலாம். மொத்த உச்சம் கிலோவுக்கு 12 மி.லி. இதயம் நின்றால் அட்ரினலின் வழக்கமான 1 மி.கி. அல்ல, கிலோவுக்கு 1 மைக்ரோகிராமுக்குள் சிறு அளவுகளில். வாசோபிரெசின், பீட்டா பிளாக்கர், கால்சியம் சேனல் பிளாக்கர், கூடுதல் லிக்னோகைன் வேண்டாம். ப்ரோபஃபோலும் வெள்ளையாக, கொழுப்புக் கரைசலில்தான் இருக்கிறது. லிப்பிட்டுக்கு அது மாற்றல்ல, இதயத்தை இன்னும் தளர்த்தும். லிப்பிட் பாட்டில் பிளாக் போடும் அறையிலேயே இருக்க வேண்டும். மருந்துக் கிடங்கில் பூட்டியிருந்தால் இல்லாததற்குச் சமம்.

எழுந்து நின்றபோது கால் மடங்கிவிட்டது. பிளாக்காலா?

இருக்கலாம். டேப் பிளாக்கில் ஊசி ஒரு அடுக்கு ஆழமாகப் போனால் மருந்து இலியாகஸ் தசையின் உறை வழியே வழிந்து தொடை நரம்பைத் தொடும். கியூஎல் பிளாக்கில் இது இன்னும் சகஜம். முட்டியை நீட்ட முடியாது, தொடையின் முன்பக்கம் மரத்திருக்கும். மருந்து தெளியும்போது தானே சரியாகும், அதுவரை தனியாகக் கழிப்பறைக்கு விடக் கூடாது. முதன்முறை எழுப்புவதற்கு முன் படுத்தபடியே காலை நீட்டித் தூக்கச் சொல்லிப் பார்ப்பது அரை நிமிட வேலை. ஒரு நாள் தாண்டியும் பலவீனம் நீடித்தால் பிளாக்கை மறந்துவிட்டு, கால்களை மடக்கித் தூக்கி வைக்கும் லித்தாட்டமி நிலையில் தொடை அதிகம் மடங்கியதால் நரம்பு நசுங்கியதா என்று பார்க்க வேண்டும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவருக்கு?

டேப், ரெக்டஸ் ஷீத் இரண்டும் மேலோட்டமானவை. அழுத்திப் பிடிக்கக்கூடிய இடம் என்பதால் நன்மை தீமை பார்த்து முடிவெடுக்கலாம். கியூஎல் போன்ற ஆழமான பிளாக்குக்கு முதுகுத்தண்டு ஊசிக்கான அதே கட்டுப்பாடு: குறை மூலக்கூறு ஹெப்பாரின் தடுப்பளவு என்றால் 12 மணி நேரம், சிகிச்சையளவு என்றால் 24 மணி நேர இடைவெளி.

தோள்பட்டை வலிக்கு எந்த பிளாக்?

எதுவும் இல்லை. வாயு அழுத்தத்தைக் குறைவாக வைத்திருப்பதும், முடிவில் தலைப்பக்கம் தாழ்ந்த நிலையில் மயக்க மருத்துவர் நுரையீரலைச் சில முறை நன்றாக விரித்து மீதி வாயுவைப் போர்ட் வழியே வெளியே தள்ளுவதும்தான் வழி. இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும்.

முதுகுத்தண்டில் மார்ஃபின் கொடுப்பது இதைவிட எளிதல்லவா?

100 முதல் 150 மைக்ரோகிராம் மார்ஃபின் சுவர் வலி, உள்ளுறுப்பு வலி இரண்டையும் ஒரு நாள்வரை அடக்கும்; வலி நிவாரணத்தில் பிளாக்குகள் இதை எட்டுவது கடினம். அரிப்பும் வாந்தியும் சிறுநீர் அடைப்பும் விலை. மூச்சு மந்தமாவது பல மணி நேரம் கழித்தும் வரலாம் என்பதால் இரவு முழுக்கக் கண்காணிப்பு தேவை. அன்றே வீட்டுக்கு அனுப்பும் திட்டத்தோடு இது ஒத்துவராது.

யோனி வழியாகவே கேமரா செலுத்திச் செய்யும் அறுவைக்கு டேப் வேண்டுமா?

வயிற்றில் துளையே இல்லை. பாராசெர்வைகல் பிளாக் போதும்.

பிளாக் ஆபத்தான அறிகுறியை மறைத்துவிடாதா?

சுவர் பிளாக் உள்ளுறுப்பைத் தொடாது என்ற அதன் குறை இங்கே பாதுகாப்பாகிறது. பிளாக் நன்றாகப் பிடித்தவருக்கு வலி மணிக்கு மணி ஏறினால், ஓபியாய்டைக் கூட்டுவதற்கு முன் நாடியைப் பாருங்கள், வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். சிறுநீர்ப்பை நிரம்பியிருப்பதுதான் மிக எளிய காரணம். அது இல்லையென்றால் உள்ளே ரத்தக்கசிவு, குடல் காயம், சிறுநீர்க்குழாய்க் காயம் என வரிசையாக விலக்க வேண்டும்.

வீட்டுக்குப் போகும் நோயாளியிடம் என்ன சொல்லி அனுப்புவது?

பிளாக் தெளியும் நேரம் பெரும்பாலும் நள்ளிரவில் விழும். வலி வந்தபின் மாத்திரை தேடக் கூடாது; தூங்கப்போகும்முன் ஒரு வேளை போட்டுக்கொள்ள வேண்டும். மரத்த தோலில் வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது, கொப்பளித்த பிறகுதான் தெரியும். உதடு மரப்பு, காதிரைச்சல், மூச்சுத் திணறல், கால் பலவீனம், காய்ச்சல், அதிக ரத்தப்போக்கு இருந்தால் உடனே மருத்துவமனைக்கு அழைக்கச் சொல்லுங்கள்.

பல வாரம் ஆகியும் ஒரு போர்ட் இடத்தில் மட்டும் எரிச்சலும் மின்னலடிப்பதும் போகவில்லை. ஏன்?

அடிவயிற்றின் பக்கவாட்டு போர்ட் இலியோஹைபோகேஸ்ட்ரிக் அல்லது இலியோஇங்குவினல் நரம்பின் பாதையில் விழுந்திருக்கலாம். 12 மி.மீ. துளையின் உறையைத் தைக்கும்போது நரம்பும் தையலில் மாட்டியிருந்தால் வலி தொடை இடுக்குவரை இறங்கும், இடுப்பை நிமிர்த்தினால் கூடும், குனிந்தால் குறையும். இடுப்பெலும்பின் முன் முனைக்கு அருகே, அதே இரண்டு தசைகளுக்கு நடுவில் அல்ட்ராசவுண்ட் பார்த்து 2 முதல் 5 மி.லி. மரப்பு மருந்து செலுத்துங்கள். சில நிமிடங்களில் வலி முழுதாக அடங்கினால் நோய் எதுவென்று உறுதியாகிவிடும், சிலருக்கு அந்த ஊசியே சிகிச்சையாகவும் அமைகிறது. திரும்பத் திரும்ப வந்தால், அதுவும் அறுவை முடிந்த அன்றே தொடங்கிய வலி என்றால், தையலைப் பிரித்து நரம்பை விடுவிப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. இந்தச் சிக்கலைத் தவிர்க்கத்தான் பக்கவாட்டு போர்ட்டை இடுப்பெலும்பு முனைக்கு 2 செ.மீ. உள்ளேயும் 2 செ.மீ. மேலேயும் போடச் சொல்கிறார்கள்.